கட்டைவிரல்

இருபத்தேழாயிரத்து நானூற்றைம்பது ரூபாய் கட்டினால்தான் செவ்வந்தி பரீட்சை எழுதலாம் என்று காலேஜிலிருந்து சீட்டு வந்தது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவள் என்று கிடைத்த சலுகையை நிறுத்திவிட்டார்கள். மூட்டை தூக்கும் அவள் அப்பா மாசாணத்தையும் பட்டதாரி என்று யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள்.

"படிக்காதவன்னு எழுதிக் கொடுத்தா சரியாயிடும்," என்று தாளை நீட்டினார் காலேஜ் ஆபீஸ் கிளார்க்.

மாசாணம் குனிந்து 'மா' என்று போட்டார். அந்த ஓர் எழுத்துக்கே மகள் அவர் கையைப் பிடித்து ஒரு மாசம் பாடுபட்டிருந்தாள்.

"அட, கையெழுத்துப் போட்டா மேலே நம்புவாங்களா? கைநாட்டு வைங்க பெரியவரே."

"வேணாம்ப்பா," என்றாள் செவ்வந்தி.

"பரீட்சை இருக்குல்ல தாயி."

'மா' தெரியாதபடி அதன்மேலேயே கட்டைவிரலை அழுத்தினார். மையைத் தலைமயிரில் துடைத்து முடிப்பதற்குள் கிளார்க் செவ்வந்தி பேரில் இருந்த பாக்கி மொத்தத்தையும் கோடு போட்டு அடித்துவிட்டார்.