கருகிய கடைசி வரி

ஓர் உயிரணுவுக்குள் அடுப்பும் ஏடும் ஊசியும் ஒன்றாய் வாழ்ந்தன. அடுப்பு மூச்சுக்காற்றை எரித்துச் சூடு கொடுக்கும். அதன் பொறி தெறித்து ஏட்டின் எழுத்துகள் கருகும். ஊசி ஓடிப்போய்த் தைக்கும்.

"கொஞ்சம் அடங்கி எரியேன், அக்கா" என்றது ஊசி.

"வெளியிலிருந்து புகையா வந்து கொட்டுதே, நான் என்னடி செய்வேன்?"

பொறிகள் பெருகின. ஏடு தினமும் படிக்கும் வரிகளையே ஊசி முதலில் தைத்தது. கடைசி வரி, காயம் மிஞ்சினால் உயிரணு தானே மடிய வேண்டும் என்ற கட்டளை. அதை யாரும் படித்ததில்லை. அதில் பொறி விழுந்தபோதும் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று ஊசி விட்டுவிட்டது.

ஒருநாள் அதன் நூல் தீர்ந்தது.

"ஏடே, இனி என்னால் ஆகாது. கடைசி வரியைப் படித்துவிடு. எல்லாம் நம்மோடு முடியட்டும்."

ஏடு புரட்டிப் பார்த்தது. "இங்கே வெறும் கரிதானே இருக்கு? என்ன எழுதியிருந்தது, சொல்லு."

ஊசிக்குத் தைக்கத்தான் தெரியும். அந்தச் சொற்களை அது ஒருமுறைகூடப் படித்ததில்லை.

"சரி, தெரிந்ததையே படிக்கிறேன்" என்று ஏடு முதல் வரியைப் படித்தது: "பெருகு."

மடியத் தெரியாத அந்த உயிரணு ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று.

"வீடு நிறைஞ்சு போச்சே, மகராசி!" என்று பக்கத்து உயிரணுக்கள் வாழ்த்திக்கொண்டே ஒதுங்கி இடம் விட்டன. ஊசி நூலில்லாமலே அந்தக் கரியைக் குத்திக்கொண்டிருந்தது.