அடி உதவுகிற மாதிரி

புனலின் அடியைத் திறந்து விட்டாயிற்று. சோப்புத் தூள் ஒரு பொட்டுகூடக் கீழே விழவில்லை.

“இதுதான் உங்க அண்ணன் பொண்ணு கண்டுபிடிச்ச மெஷினாய்யா?” என்றார் மேனேஜர். அந்தச் சோப்புத் தூள் கம்பெனியில் அவருக்கு ‘அதிர்வேட்டு’ என்று பெயர், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் மட்டும்.

ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பா அசட்டுச் சிரிப்போடு தலையாட்டி வைத்தார். எந்தத் தூள் ஒழுங்காக ஓடும், எது அடைத்துக்கொள்ளும் என்று அளந்து சொல்கிற வெளிநாட்டு மெஷின் ஒரு வீட்டு விலை. “மிக்ஸி விலையில எங்க பொண்ணு செஞ்சிருக்கா சார்” என்று மேனேஜரின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து இந்த ஒரு வாய்ப்பை வாங்கியவர் அவர்தான். இன்றைக்கு இது ஊற்றிக்கொண்டால் பட்டறையை மூடிவிட்டு எங்காவது வேலைக்குப் போகிறேன் என்று தன் அப்பாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் அவள்.

கிளம்பும்போதே சித்தப்பாவுக்குச் சந்தேகம்தான். புனலை ஏதோ ஓட்டை வாளி மாதிரி வண்டியின் பின்னால் விட்டெறிந்தவள், ஒரு சுத்தியலை மட்டும் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

“சுத்தியல் எதுக்கும்மா?”

“அடைச்சுக்கிட்டா தட்டணுமே சித்தப்பா.”

செய்தவளுக்கே நம்பிக்கை இல்லை, இனி நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று நினைத்துக்கொண்டார்.

அதிர்வேட்டு ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். தூள் கொட்டும் இரும்புத் தொட்டிகள் அங்கே வரிசையாக நின்றன. அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் ஆட்கள் சுத்தியலால் சாத்திச் சாத்தி, ஒவ்வொன்றும் அம்மை போட்ட முகமாக இருந்தது.

“அங்க அடைக்கிற தூள் இங்கயும் அடைக்குது. இதைச் சொல்ல ஒரு மெஷினா?”

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளிகள் சிரித்தார்கள். கூட்டத்தைக் கண்டால் அந்த மனுஷனுக்குக் கால் தரையில் நிற்காது. மேஜையில் கிடந்த அவளுடைய சுத்தியலை எடுத்தார்.

“அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்யா!”

ணங்! தூள் அசையவில்லை. ணங்! ணங்! ஒவ்வொரு அடியும் சித்தப்பாவின் மண்டையில் விழுந்தது.

அவளோ குனிந்த தலை நிமிராமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்ப மானம் கப்பலேறும் நேரத்தில் போனில் என்ன கேடு என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அதை உள்ள வையேன்டி,” என்று பல்லைக் கடித்தார்.

“இருங்க சித்தப்பா. நல்லாத்தான் போயிட்டு இருக்கு.”

ஒரு வழியாகத் தூள் பொலபொலவென்று சரிந்தது. வாசலில் ஒரே கைதட்டல். அதிர்வேட்டு வியர்த்து விறுவிறுத்து, கோப்பை வாங்கியவரைப் போலச் சுத்தியலைத் தூக்கிக் காட்டினார்.

“உன் புனலைத் தூக்கிட்டுக் கிளம்பும்மா! வேணும்னா இந்தச் சுத்தியலைக் குடு, கைக்கு வாகா இருக்கு. தொட்டிக்கு ஒண்ணுன்னு இருபது வாங்கிக்கறேன். இங்க நிக்கறவன் எல்லாம் சாட்சி!”

போச்சு, எல்லாம் போச்சு. அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று சித்தப்பா தரையைப் பார்த்தார்.

“இருபது. சரிங்க சார்.” அவள் போனை மேனேஜரிடம் நீட்டினாள். “ஒன்பது அடி அடிச்சீங்க. ஒவ்வொண்ணும் எவ்வளவு பலம்னு இதுல இருக்கு. இத்தனை வாங்கித்தான் நகருதுன்னா உங்க தூள் நமுத்துப் போச்சு சார். அப்படியே மூட்டை கட்டினீங்கன்னா வாங்கினவன் வந்து திட்டுவான்.”

அதிர்வேட்டு போனைப் பார்த்தார். சுத்தியலை விடாமலே இன்னொரு கையால் புனலைத் தூக்கினார், கவிழ்த்தார், உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தார். ஒரு ஒயர் இல்லை, ஒரு பட்டன் இல்லை.

“இந்தப் புனலு எப்படிம்மா இதையெல்லாம் சொல்லுச்சு?”

“அது வெறும் புனல் சார். மெஷின் உங்க இன்னொரு கையில இருக்கு.”