பல் பிடுங்க ஒரு மணி நேரம் விடுப்பு

அன்புள்ள மங்கை அக்காவுக்கு,

நறுமுகைக்குச் செவ்வாயும் வியாழனும்தான் பள்ளிக்கூடம். மற்ற நாட்களில் அம்மாவான நான்தான் டீச்சர். எங்கே போனாலும், பள்ளிக்கூடம் என் மணிக்கட்டில் மாட்டிவிட்ட பாட வளையம் என்ற கருவி அந்த இடத்தை வகுப்பாக்கிவிடும். உன் மகள் வளைகாப்பில்கூட வரிசைத் தட்டுகளை வைத்துப் பெருக்கல் நடத்தினேனே, நீ சிரித்தாயே!

நேற்று நறுமுகைக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. வளையம் அதை உயிரியல் வகுப்பாகக் குறித்துவிட்டது. கிளம்பும்போது நறுமுகை ஒரு தாளை நீட்டினாள்.

“மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, பல் பிடுங்கும்போது எனக்கு அம்மா தேவைப்படுவதால் ஒரு மணி நேரம் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

“பெற்றோர் கையெழுத்து எங்கடி?”

“அம்மா வீட்ல இல்ல. அப்பாகிட்ட வாங்கிட்டேன், டீச்சர்.”

வளையத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். டாக்டர் ஊசியை எடுத்ததும் அவள் என் விரல்களை நெரித்தாள். அந்தப் பல்லின் பெயர் என் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, “ஒண்ணுமில்லடா கண்ணு” என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்தால், வளையத்தில் சிவப்பு எழுத்து: “ஆசிரியை ஒரு மணி நேரம் வரவில்லை. காரணம் எழுதி, மாணவியிடம் கையெழுத்துப் பெறவும்.”

எழுதிக் கொடுத்தேன். வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்து, இரண்டு பிழைகளைத் திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

உன் தங்கை,
தேன்மொழி