கோட்டுக்குக் கோடு

திண்டிவனம் பைபாஸில் ரேஸ் பையன்கள் சம தூரத்தில் போட்ட சுண்ணாம்புக் கோடுகள் வெயிலில் பளீரென்று தெரிகின்றன. கடைசிக் கோட்டுக்கு அப்பால், கார் மோதிச் செத்த அம்சாவின் கூடையிலிருந்து கொட்டிய மல்லாட்டைக் கடலை இன்னும் சிதறிக் கிடக்கிறது. காரை ஓட்டிய வல்லரசு லாக்கப்பில் இருக்கிறான். "அவளப் பாத்ததும் எம்மவன் பிரேக் புடிச்சிருப்பான்டா" என்கிறார் அவன் அப்பா சின்னதுரை. வல்லரசின் கூட்டாளி கோகுலகிருஷ்ணன், அப்போது காருக்குள்ளிருந்து தான் எடுத்த வீடியோவைப் போனில் ஓடவிடுகிறான். "ஒவ்வொரு கோடு தாண்டறப்பவும் ஒரு தட்டு தட்டிக்கினே வாங்க பெரியப்பா. பிரேக் புடிச்சிருந்தா தட்டு மெதுவாவும்." சாலையோரப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சின்னதுரையின் விரல் தட்டுகிறது. தட்டுகள் நெருங்குகின்றன, இன்னும் நெருங்குகின்றன, கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டே விழுகின்றன. திரையில் ஒரு பச்சைச் சேலை வந்து நிறைகிறது. விரல் சுவரிலேயே நிற்கிறது. "இன்னொரு வாட்டி போடுறா. நான்தான் அவசரப்பட்டுத் தட்டிட்டேன்."