ஆறு மணி நேரம்

“அக்கா, அந்த கேம் கம்பெனிக்காரங்க ஃபைலைக் கேக்கறாங்க. எனக்குப் பயமா இருக்கு!”

மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா, ஒரு காலில் செருப்போடு திரும்பிப் பார்த்தாள்.

“கேட்டா அனுப்ப வேண்டியதுதானே? அதுக்கு ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?”

“படத்தை அன்னிக்கே அனுப்பிட்டேன். இப்போ அதை வரைஞ்ச மூல ஃபைல் வேணுமாம். பத்து மணிக்கு மேனேஜரே வீடியோ கால்ல வர்றாராம்.”

தங்கை வீட்டிலிருந்தபடியே வீடியோ கேம்களுக்குப் படம் வரைபவள். பூதம், பிசாசு, பல் நீட்டிய ராட்சசன் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால், ‘மணிக்கு எவ்வளவு வாங்குவீங்க?’ என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அக்காவைத் தேடி ஓடிவிடுவாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனி அதைத்தான் கேட்டது. மாதிரிக்கு ஓர் ஏழு தலைப் பூதம் வரையச் சொன்னார்கள். பிடித்திருந்தால் இன்னும் நாற்பது பூதங்கள். முழுசாக ஒரு வருஷ வேலை. அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கமாக வாங்குவதைப் போல இரண்டு மடங்கு ரேட் எழுத வைத்தாள். “சரியான பயந்தாங்கொள்ளி! உன் கைக்கு இதுகூடக் குடுக்க மாட்டாங்களா?” என்று திட்டிவிட்டு, அனுப்பும் பட்டனையும் தானே அழுத்தினாள்.

“ரேட் ஜாஸ்தின்னு சண்டைக்கு வர்றாங்களா?”

“ரேட்டைப் பத்திப் பேச்சே இல்லக்கா. நேரம்தான். பூதத்துக்கு எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு பில்லுல எழுதணும்ல? அதுல... பொய் எழுதிட்டேன்.”

அக்கா செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

“எத்தனை எழுதினே?”

“ஆறு.”

“அடிப்பாவி! ரேட்டும் ரெண்டு மடங்கு, நேரமும் பொய்யா? நான் கடைக்குப் போனதும் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினியாக்கும்!”

“இல்லக்கா, அது வந்து...”

“வாயைத் திறக்காதே! நான் தைரியம் சொல்லி ஏத்திவிட்டா, நீ என் தலையிலயே மண்ணைப் போடறே. சரி, அந்த ஃபைலைப் பார்த்தா தெரிஞ்சிடுமா?”

“தெரிஞ்சிடும். எவ்வளவு நேரம் வரைஞ்சோம்னு நிமிஷக் கணக்கா அதுலயே பதிவாயிருக்கும். நம்மால மாத்த முடியாது.”

“கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொல்லிடேன்.”

“அந்தக் கம்ப்யூட்டர்லதான்க்கா அவர்கூடப் பேசப் போறேன்!”

அக்கா கடைக்கு ஃபோன் செய்து, வர ஒரு மணி நேரம் ஆகும் என்று மட்டும் சொன்னாள். தங்கை நாற்காலி நுனியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். இந்தத் தொழிலில் பெயர் கெட்டால் அவ்வளவுதான். ‘பொய்க் கணக்கு எழுதுபவள்’ என்று ஒரு கம்பெனி சொல்லிவிட்டால், அடுத்தவன் வாசற்படிகூட ஏற்ற மாட்டான். நாற்பது பூதம் போவது இருக்கட்டும், நாளைக்கு ஒரு கொசு வரையக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சரியாகப் பத்து மணிக்கு அழைப்பு வந்தது. அக்கா கேமராவில் விழாதபடி மேஜைக்கு அந்தப் பக்கம் நகர்ந்து, தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் ராத்திரி முழுக்கத் தூங்காதவர் போலிருந்தார்.

“சுத்தி வளைக்காம சொல்லிடறேன்மா. உங்க மணிக் கணக்கு பொய்னு எங்க ஆபீஸ்ல சிலர் அடிச்சுச் சொல்றாங்க. நேத்து பெரிய கலாட்டா. நான்தான் உங்களுக்காக அவங்ககூட மல்லுக்கு நின்னேன். ஃபைல் கைக்கு வந்தா அவங்க வாயை அடைச்சிடுவேன்.”

நல்ல மனுஷன், நம்பிப் பேசுகிறாரே என்று நினைத்தபோது தங்கைக்குப் பயம் இன்னும் கூடியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“அனுப்புங்கம்மா. நான் லைன்லயே இருக்கேன்.”

அனுப்பினாள். அக்காவின் பிடி இறுகியது. மேனேஜர் ஃபைலைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார்.

“ஆறு மணி நேரம்னு எழுதியிருக்கீங்க. இதுல முப்பத்தொரு மணி நேரம்னு காட்டுதே!”

அக்கா வாயைப் பிளந்தாள். தங்கைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“என் ரேட்டே ரொம்ப ஜாஸ்தி சார். இத்தனை மணி நேரமும் எழுதினா, மொத்தத்தைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன். அதான் குறைச்சு எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க சார்!”

‘அட அசடே, இதுக்கா இந்த நடுக்கம்!’ அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒளிந்திருந்ததை மறந்து கேமராவுக்கு முன்னால் பாய்ந்தாள்.

“சார், நான் இவளோட அக்கா. இவளுக்குப் பொழைக்கத் தெரியாது சார்! இதுல நஷ்டம் இவளுக்குத்தானே? வேற யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இதே மாதிரி பூதத்துக்கு முப்பது மணி நேரம் எடுத்துக்கறாங்கன்னு, உங்க ஆறு மணி நேரத்தைக் காட்டித்தான்மா எங்க ஆர்ட்டிஸ்ட் மூணு பேரை நேத்து வேலையை விட்டு அனுப்பிட்டேன்.”