எறும்புத் தடுப்பு

"மஹதி, சர்க்கரைத் தண்ணி இன்னைக்கும் குறைஞ்சிருக்கு. தேன்சிட்டு வந்துட்டுப் போயிருக்கு!" என்றான் ஷ்யாம்.

மஹதியின் முகம் மலர்ந்தது. ஷார்ஜா ஃப்ளாட்டின் பால்கனியில் பழைய பாட்டிலைத் தொங்கவிட்டு, குருவி உட்கார வளையலும், எறும்பு இறங்காமலிருக்க மேலே தண்ணீர் ஊற்றிய ஸ்ப்ரே மூடியும் மாட்டியவள் அவள்தான்.

"அங்க ஒரு எறும்புகூட இல்ல. கிச்சன் சிங்க்லதான் மொய்க்குது," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில், "ஓடி வாங்க!" என்று கிசுகிசுத்தாள்.

நிஜமாகவே ஒரு தேன்சிட்டு! பாட்டிலைச் சீண்டாமல், மேலே மூடியிலிருந்த தண்ணீரில் சிறகடித்துக் குளித்துக்கொண்டிருந்தது.

ஷ்யாம் கதவருகே வந்து எட்டிப் பார்த்தான்.

"எனக்காகத் தினமும் சர்க்கரைத் தண்ணியை சிங்க்ல கொட்டினது போதுங்க," என்று அவன் தோளில் சாய்ந்தாள் மஹதி. "இனிமே மூடிக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க."