பல்லிடுக்கில் ஒரு மொழி

பியூலாவுக்கு அன்று காலையிலேயே அலுத்துவிட்டது. கோயம்புத்தூரில் தாலி செய்யச் சொன்ன கையோடு அவளிடம் வந்து வீட்டு மொழிக்கும் சொல்லிவிடுவார்கள். சுவரெல்லாம் ஒட்டுக்கேட்கிற காலம். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மட்டும் புரிகிற மொழி வேண்டியிருந்தது. அதற்கு ஒலிகளை அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. எவ்வளவு சிக்கலோ அவ்வளவு பாதுகாப்பு என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறாள்.

முதல் ஆளாக வந்தவர் சுலோசனா, அவளுடைய ஆரம்பகால வாடிக்கையாளர்.

“எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்துட்டுதுங்க. தமிழ் சுத்தமா மறந்துபோச்சு. நீங்க குடுத்த பேச்சு மட்டுந்தான் நெனப்புல இருக்குது.”

“அப்ப அதுலயே பேசிக்கலாமே?”

“பல்லெல்லாம் கொட்டிப்போச்சுங்க. என்னமோ கேக்கறாரு, வெறும் காத்துதான் வருது. தண்ணி கேக்கறாரா, என்னைக் கூப்பிடறாரான்னே தெரியலீங்க.”

“பல்செட்?”

“வாயில வைக்கவே விடமாட்டேங்கறாருங்க.”

பியூலா பழைய அட்டவணையைத் திறந்தாள். நாற்பத்தாறு ஒலிகள். பாதிக்கு மேல் காற்றைப் பல்லிடுக்கில் சீவி எழுப்புபவை. எவ்வளவு பெருமையாகச் செய்தது! சோதித்ததெல்லாம் இளவட்டங்களின் வாயில்.

“ஒலிய மாத்தித் தரட்டுமா?”

“இனி அவரு எங்கீங்க புதுசாக் கத்துக்கறது?”

சுலோசனா போனதும், அடுத்த மாதம் கல்யாணமாகப் போகும் ஒரு ஜோடி உள்ளே வந்தது. இருப்பதிலேயே சிக்கலானது வேண்டுமாம்.

“தம்பி, பல்லை உதட்டால மூடிக்கிட்டு இவங்கள ஒரு தடவை கூப்பிடுங்க, பாக்கலாம்” என்றாள் பியூலா.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.